“எப்போதிலிருந்து சமைக்கலாம், டாக்டர்?”

வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நோயாளி ஆண் என்றால், படுக்கையருகே அவருடைய மனைவி ஒரு சிறு நோட்டுப் புத்தகத்துடன் நின்றுகொண்டிருப்பார். “காரம் சேர்க்கலாமா? முட்டை கொடுக்கலாமா? இரவுக்கு என்ன கொடுப்பது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். நோயாளி பெண் என்றால், பெரும்பாலும் அந்த நேரத்தில் கணவர் பணம் கட்டும் இடத்தில் இருப்பார். அறையில் எங்களிடம் கேள்வி கேட்பவர் நோயாளியேதான். அவர் கேட்பதும் ஒரே கேள்விதான்: “எப்போதிலிருந்து சமைக்கலாம், டாக்டர்?”

நான் இரைப்பை, குடல் நோய் மருத்துவன். “மூன்று வாரம் ஓய்வெடுங்கள். எளிதில் செரிக்கும் உணவாகச் சாப்பிடுங்கள்” என்று விடையளித்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடுவேன். அந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் யார் சமைப்பார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்த பிறகுதான் அதன் எடை எனக்குப் புரிந்தது. வீட்டில் உடல் தேறிவரும் ஒருவருக்காக முதன்முறையாக அடுப்பைப் பற்றவைக்கும் கணவர்கள், மகன்கள், மகள்கள் அனைவருக்காகவும் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் இரவு

என் மனைவிக்குக் கருப்பையில் நார்க்கட்டிகள் இருந்தன. மாதந்தோறும் மிகுதியான இரத்தப்போக்கினால் ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே இறங்கியிருந்தது; பெண்களுக்கு அது 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வயிற்றைத் திறந்து கருப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் வீடு திரும்பினோம். ஆறு வாரத்திற்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மாமியார் ஊரில் இருக்கிறார். முழங்கால் வலியால் எங்கள் இரண்டாம் மாடிப் படிகளை அவரால் ஏற இயலாது. சமையலுக்கு ஆள் தேடினோம், உடனே கிடைக்கவில்லை. “இரவுச் சமையல்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். என் மனைவி சிரித்தார். திருமணமாகி இருபது ஆண்டுகளில் நான் அடுப்பில் வைத்தது வெந்நீர் மட்டுமே.

முதல் இரவு பொங்கல் செய்வது என்று முடிவு செய்தேன். எளிதில் செரிக்கும் உணவு என்று நானே நூற்றுக்கணக்கானோருக்குச் சொன்னதல்லவா? அரிசியும் பருப்பும் நீருமாகக் குக்கரை முக்கால் பங்குக்குமேல் நிரப்பினேன். பருப்பு நுரைத்து வெயிட் வழியாக வெளியே தெறித்தது. பயந்து அடுப்பைக் கூட்டினேனா குறைத்தேனா என்பது இப்போது நினைவில்லை. திறந்து பார்த்தபோது அடியில் கரி, நடுவில் கஞ்சி, மேலே வேகாத அரிசி. உப்பு உடலுக்குக் கேடு என்ற மருத்துவ அறிவினால் உப்பை அறவே குறைத்திருந்தேன். தாளிக்கும்போது கடுகு தெறித்து மணிக்கட்டில் ஒரு கொப்புளமும் வந்தது.

படுக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது: “எத்தனை விசில் விட்டீங்க?”

“எண்ணவில்லை” என்றேன்.

அவர் நான்கு கரண்டி சாப்பிட்டார். “நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பசியில்லை” என்றார். நான் அதை நம்பினேன். அறுவை சிகிச்சைக்குப் பின் பசி குறைவது இயல்பு என்று பாடப்புத்தகமும் சொல்கிறதே!

மறுநாள் இரவு உணவகத்து இட்லி. அதற்கடுத்த நாள் பாலும் ரொட்டியும். அதன்பின் இரண்டு இரவுகள் அரிசிக் கஞ்சி. ஒவ்வொரு நாளும் தட்டில் பாதி மீந்தது. “பசியில்லை” என்ற சொல்லும் தொடர்ந்தது.

ஆறாம் இரவு

ஆறாம் நாள் இரவு பதினொரு மணியளவில் சமையலறையில் ஏதோ விழுந்த ஓசை கேட்டு எழுந்தேன். என் மனைவி குளிர்சாதனப் பெட்டியின் முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கடையில் வாங்கிய தோசை மாவு முழுவதையும் ஒரே பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, பெட்டியின் கீழ்த்தட்டில் நான் வைத்திருந்தேன். பாத்திரத்தோடு சேர்த்து நான்கு கிலோவாவது இருக்கும். பசி தாங்காமல் தோசை வார்க்கலாம் என்று எழுந்தவர், குனிந்து அதைத் தூக்கியிருக்கிறார். அடிவயிற்றில் சுரீரென்று வலி. சற்று நேரத்தில் இரத்தக் கசிவும் தெரிந்தது.

அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குச் சென்றோம். பரிசோதனையில் தையல்கள் பிரியவில்லை என்று தெரிந்தது. கசிவும் காலைக்குள் நின்றது. ஆனால் பரிசோதித்த மருத்துவர் என் மனைவியிடம், “இந்த நேரத்தில் அடுப்படிக்கு ஏன் போனீர்கள்?” என்று கேட்டார். அவர் விடை சொல்லவில்லை. நானும் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறவும் தசை இளைக்காமல் இருக்கவும், சிறுநீரகம் நலமாக உள்ள ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. என் மனைவியின் எடை 58 கிலோ. குறைந்தது 70 கிராம் வேண்டும். முந்தைய நாள் அவர் சாப்பிட்டதைக் கூட்டினேன். ஒரு கிண்ணம் கஞ்சியில் 2 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், இரண்டு இட்லியில் 4 கிராம், இரண்டு ரொட்டித் துண்டில் 4 கிராம். இன்னும் சிலவற்றைச் சேர்த்தும் 20 கிராமைத் தாண்டவில்லை.

உணவே மருந்து என்று மேடைகளில் பேசும் நான், என் வீட்டு நோயாளிக்கு அந்த மருந்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை. அவருக்குப் பசியில்லாமல் இல்லை. உண்ணத்தக்க உணவுதான் இல்லை. அதை என்னிடம் சொல்ல மனம் வராமல், வயிற்றில் தையலோடு தானே எழுந்து அடுப்புக்குப் போனார். நம் வீடுகளில் பல பெண்கள் உரிய காலத்திற்கு முன்பே சமையலறைக்குத் திரும்புவது இப்படித்தான். அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், வேறு வழி இல்லாததால் எழுகிறார்கள்.

தொலைபேசியில் ஒரு பாடம்

மறுநாள் மாமியாரை அழைத்துச் சமையல் சொல்லித் தருமாறு கேட்டேன். “நீங்க எதுக்கு மாப்பிள்ளை அடுப்படிக்குப் போறீங்க? நான் எப்படியாவது வந்துடுறேன்” என்று பதறினார். “நீங்கள் படியேறினால் இந்த வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள், அத்தை” என்றேன். அதன்பின்தான் சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்ன முதல் அறிவுரை இதுதான்: “நிறைய கத்துக்க வேணாம் மாப்பிள்ளை. நாலு பண்டம் போதும். அதையே ஒழுங்காப் பண்ணுங்க.” பதினைந்து ஆண்டு மருத்துவப் பணியில் நான் எழுதிக்கொடுத்த உணவுக் குறிப்புகள் எதிலும் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை. அந்த நான்கும் இவை. அளவுகள் இருவருக்கானவை, டம்ளர் என்பது 200 மில்லி கொள்ளளவு.

ஒன்று, குழைவான பருப்புச் சோறு. கால் டம்ளர் பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுக்கவும். அதனுடன் அரை டம்ளர் பச்சரிசி சேர்த்துக் கழுவி, மூன்றரை டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி உப்பு, நசுக்கிய சிறு இஞ்சித் துண்டு, சில சொட்டு எண்ணெய் சேர்த்துக் குக்கரில் வைக்கவும். மிதமான தீயில் ஐந்து விசில். எண்ணெய் நுரையைக் குறைக்கும். பருப்பு சேர்ந்த எதையும் குக்கரில் பாதிக்குமேல் நிரப்பக்கூடாது. நுரை பொங்கி நீராவி வெளியேறும் துளையை அடைத்துவிடும். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்கவும் கூடாது. இறுதியில் ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டிக் கரண்டியால் மசிக்கவும்.

இரண்டு, ரசம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடவும். அதன்பின் பருப்பு வேகவைத்த நீர் ஒரு டம்ளரும், ஒன்றிரண்டாக நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டும் சேர்க்கவும். “இதுக்கப்புறம் ரசத்தைக் கொதிக்க விடாதீங்க மாப்பிள்ளை. நுரை கூடி வந்ததும் இறக்கிடுங்க” என்பது அத்தையின் கட்டளை. நான் முதல்முறை கொதிக்க விட்டேன், கசந்துபோனது. இரண்டாம் முறை அடுப்பை விட்டு நகரவில்லை.

மூன்று, கீரை மசியல். சிறுகீரையோ அரைக்கீரையோ, மண் போக மூன்று முறையாவது நீர் மாற்றி அலசி, திறந்த பாத்திரத்தில் சிறிதளவு நீரும் இரண்டு பல் பூண்டும் சேர்த்து வேகவிடவும். ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். கீரை வெந்து சுருங்கிய பிறகே உப்பைச் சேர்க்கவும். முன்பே போட்டால் அளவு தவறும். மத்தால் கடைந்தால் போதும்.

நான்கு, முட்டை. குளிர்ந்த நீரில் முட்டையை இட்டு, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் வேகவைக்கவும். உடல் தேறிவருபவருக்கு மஞ்சள் கரு முழுமையாக வெந்திருப்பதே பாதுகாப்பு. முட்டை உண்ணாதவர்களுக்கு அதற்கு மாற்றாக ஒரு கிண்ணம் தயிரும் வேகவைத்த பாசிப்பயறுச் சுண்டலும் கொடுக்கலாம்.

இந்த நான்கையும் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நான்காம் நாள் என் மனைவி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். கையில் எதையும் எடுக்கக்கூடாது, சொல்ல மட்டும் செய்யலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். “வெயிட் போட்டீங்களா? அடுப்பைக் குறைங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று இரவு தட்டில் எதுவும் மீதமில்லை.

எவ்வளவு உணவு போதும்?

கஞ்சி கெடுதலானது அல்ல. ஆனால் கஞ்சி மட்டுமே போதாது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரண்டு வாரம் வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுப்பதை அடிக்கடி காண்கிறேன். அவர்கள் எடை குறைந்து, எழுந்து நடக்கவும் தெம்பில்லாமல் மறுபரிசோதனைக்கு வருகிறார்கள். வயிறு உணவை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதும் ஒவ்வொரு வேளையிலும் புரதம் உள்ள ஒரு பொருள் தட்டில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பின்பற்றிய ஒருநாள் உணவைச் சொல்கிறேன். காலையில் இரண்டு இட்லி, பருப்பு மிகுந்த சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால். மதியம் சோறு, ஒரு கிண்ணம் பருப்பு, கீரை, தயிர். மாலையில் ஒரு சிறு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். இரவில் குழைவான பருப்புச் சோறு, ரசம், ஒரு முட்டை. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதில் புரதம் ஏறத்தாழ 70 கிராம் வந்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம், உலர்ந்த பருப்பு 30 கிராமில் 7 கிராம் என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம்.

ஒரே வேளையில் தட்டு நிறையக் கொடுக்காமல், ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். பெரிய தட்டைக் கண்டாலே பசி அடங்கிவிடும் நாள்கள் இவை.

பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்கும் என்ற அச்சம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. சீழ் கிருமித் தொற்றினால் உண்டாவது, பருப்பினால் அல்ல. புண்ணை மூடும் புதிய திசு உருவாக மூலப்பொருளே புரதம்தான். அக்கறையால் பெரியவர்கள் பத்தியம் சொல்லும்போது சண்டையிட வேண்டாம். “டாக்டர் மருந்தாக எழுதியிருக்கிறார்” என்று சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட.

இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்கள் காபி, தேநீர், பால் ஆகியவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ அதற்குத் துணை செய்யும். மாத்திரையால் மலம் கறுத்துப் போவது இயல்பு. கீரையில் உள்ள இரும்பு நல்லதே. ஆயினும் அதிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது சிறிதளவே. கீரை சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றில் தையல் உள்ளவர் முக்கி மலம் கழிக்கக்கூடாது. இரும்பு மாத்திரையும் சில வலி மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்கும். கீரை, வாழைப்பழம், பப்பாளி, போதிய அளவு தண்ணீர், வீட்டுக்குள்ளேயே மெதுவான நடை ஆகியவை உதவும். மூன்று நாளாகியும் மலம் கழியாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

உப்பின் மீது எனக்கிருந்த அச்சத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பே இல்லாத உணவு என்பது அதன் பொருள் அன்று. ஊறுகாய், அப்பளம், கடைத் தின்பண்டங்களைத் தவிர்த்துவிட்டு, சோற்றுக்கும் ரசத்துக்கும் அளவான உப்பைச் சேர்த்தால் சாப்பிடுபவருக்கு நாவில் சுவை இருக்கும்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

சமைக்கும் முன் சோப்புப் போட்டு இருபது நொடியாவது கைகளைக் கழுவுங்கள். பச்சை இறைச்சி, மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுமுறை சூடாக்கும்போது ஆவி பறக்கும் அளவுக்கு, அதுவும் ஒரே ஒருமுறை சூடாக்குங்கள்.

சோற்றில் கூடுதல் கவனம் தேவை. வெளியில் நெடுநேரம் இருக்கும் சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் வாந்தியை உண்டாக்கும் நச்சை வெளியிடுகிறது. மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு அழிவதில்லை. ஆகவே உடல் தேறிவருபவருக்கு அந்தந்த வேளைக்குச் சமைத்துக் கொடுப்பதே நல்லது. நான்கு பண்டம் மட்டும் செய்வதால் அது இயலும்.

புதிதாகச் சமைப்பவருக்குச் சுட்டுக்கொள்வது இயல்பு. சூடுபட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கடுகு தாளிக்கும்போது வாணலியை மூட ஒரு தட்டைக் கையருகில் வைத்துக்கொள்ளுங்கள். என் மணிக்கட்டில் உள்ள தழும்பு கற்றுத்தந்த பாடம் இது.

நோயாளி அடிக்கடி எடுக்கக்கூடிய தண்ணீர், பழம், மாத்திரை ஆகியவற்றை இடுப்பு உயரத்தில் வையுங்கள். எதற்கும் அவர் குனியவோ எக்கவோ வேண்டியிருக்கக்கூடாது. பெரிய பாத்திரங்களைத் தவிர்த்துச் சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். இதை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சமைப்பவரின் மனத்திற்கு

தட்டில் உணவு மீந்தால் மனம் வருந்தும். அந்த வருத்தத்தை நோயாளியின்மீது காட்டாதீர்கள். காட்டினால் அவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்றே விடை வரும். “உப்பு கூடுதலா, குறைவா? சோறு இன்னும் குழைய வேண்டுமா?” என்று கேளுங்கள், பயனுள்ள விடை கிடைக்கும். என்ன வேண்டும் என்று காலையிலேயே ஒருமுறை கேட்டுவிட்டு, அதன்பின் முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் அவரையே யோசிக்க வைத்தால் அது ஓய்வாகாது.

முடிந்தால் அவருடன் அமர்ந்து அதே உணவை நீங்களும் உண்ணுங்கள். பொங்கல் எப்படி இருந்தது என்பது முதல் இரவிலேயே எனக்குத் தெரிந்திருக்கும், நானும் அதை அவரோடு உண்டிருந்தால். நான் அன்று மருத்துவமனை உணவகத்தில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

இதுவரை எழுதிய நோயாளிகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உணவு வாய்க்கு ஒவ்வாவிட்டால் சொல்லிவிடுங்கள். பசியை மறைப்பது அன்பின் பெயரால் செய்யும் தவறு. உங்கள் வீட்டுக்காரரின் மனம் ஒருநாள் நோகலாம். உங்கள் தையல் நோகக்கூடாது.

எப்போது எங்களை அழைக்க வேண்டும்?

நான் சொன்ன உணவுமுறை வேறு நோய் இல்லாதவருக்கு ஏற்றது. நீரிழிவு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் புரதம், உப்பு, தண்ணீர், பழம் ஆகியவற்றின் அளவு மாறுபடும். வீடு திரும்பும் முன் உங்கள் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமை, தையலைச் சுற்றிச் சிவப்போ கசிவோ, மிகுதியான இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இவை எதையும் உணவுமாற்றத்தால் சரிசெய்ய முயலக்கூடாது.

இப்போது நான் கேட்கும் கேள்வி

ஆறு வாரம் முடிந்து என் மனைவி நலம் பெற்றார். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. சமையலறை மீண்டும் அவர் பொறுப்புக்கு வந்தது. ஆனால் முழுவதுமாக அன்று. செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சமையல் என்னுடையது. பண்டங்கள் நான்கிலிருந்து ஏழாக உயர்ந்துள்ளன. பொங்கலும் இப்போது அடிபிடிப்பதில்லை.

மருத்துவமனையிலும் ஒரு மாற்றம். “எப்போதிலிருந்து சமைக்கலாம், டாக்டர்?” என்று ஒரு பெண் கேட்டால், உடனே நாள்களை எண்ணிச் சொல்வதில்லை. “அதுவரை உங்கள் வீட்டில் யார் சமைப்பார்கள்?” என்று கேட்கிறேன். பலருக்கு விடை இருப்பதில்லை. அப்போது பணம் கட்டும் இடத்தில் நிற்கும் கணவரையோ, வாசலில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மகனையோ உள்ளே அழைத்து வரச் சொல்கிறேன். அவரை நாற்காலியில் அமர்த்தி, தாளில் நான்கு பண்டங்களை எழுதி, குக்கரில் எத்தனை விசில் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன்.

சிலர் கூச்சத்துடன் சிரிக்கிறார்கள். “எனக்குச் சமைக்கவே தெரியாது சார்” என்கிறார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

நீங்கள் இந்த இதழைப் படிப்பது ஒருவேளை அப்படியொரு படுக்கையின் அருகில் அமர்ந்தபடியாக இருக்கலாம். அப்படியானால், இன்று அந்த நோட்டுப் புத்தகத்தை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவற்றை எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். உங்கள் வீட்டு நோயாளி விரைவில் நலம் பெற வாழ்த்துகள்.